வீடு மேலே, ஆஸ்பத்திரி கீழே: நீலகிரியில் விலை குறைந்த மின் கார் எடுப்பவர்களுக்கு

கூடலூரில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் கூப்பிட்டான். கார் எடுக்கப்போகிறானாம். "மாமா, நீங்க மூணு வருஷமா கரண்ட் கார் ஓட்டுறீங்க. காமெட் எடுக்கவா, டியாகோ எடுக்கவா, இல்ல பேசாம வேகன்ஆர் எடுத்துடவா?" என்று ஒரே மூச்சில் கேட்டான். முதல் இரண்டும் மின் கார்கள், எம்ஜி கம்பெனியின் காமெட், டாடாவின் டியாகோ. வேகன்ஆர் மாருதியின் பெட்ரோல் கார். டியாகோ ஒரு சார்ஜில் 315 கிலோமீட்டர் போகுமாம், காமெட் 230 தானாம் என்று கையிலிருந்த விளம்பரத் தாளையும் படித்துக் காட்டினான்.

"உன் வீட்டு வாசல் வரைக்கும் வண்டி வருமா?" என்று கேட்டேன்.

"நான் கார் பத்திக் கேட்டா நீங்க வீட்டைப் பத்திக் கேக்குறீங்களே!"

மலையில் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். குன்னூரில் என் மச்சான் வீடு ரோட்டிலிருந்து அறுபத்திரண்டு படி கீழே இருக்கிறது. ஊட்டியிலும் பாதி வீடுகள் இப்படித்தான். வண்டி மேலே ரோட்டோரத்தில் நிற்கும், மீட்டர் பெட்டி கீழே வீட்டுச் சுவரில் இருக்கும். நடுவில் அடுத்தவர் கேரட் தோட்டமோ தேயிலைச் சரிவோ. ஒயர் இழுக்க வழியே கிடையாது. வெளியே சார்ஜ் போட்டுச் சமாளிக்கலாம் என்று மச்சான் நினைத்துப் பார்த்தார். வெளியே யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை அதைச் செய்கிற பொறுமை அவருக்கு இல்லை, எனக்கும் இருக்காது. அவர் பெட்ரோல் வண்டியே எடுத்தார். சரியான முடிவு. உங்கள் வீடும் படிக்கட்டு வீடு என்றால், மீதிக் கட்டுரையைப் பொழுதுபோக்காகப் படிக்கலாம்.

அக்கா மகன் வீட்டுக்கு வண்டி போகும். அதனால் பேச்சு தொடர்ந்தது.

என் வண்டி என்ன கம்பெனி என்று எழுதப்போவதில்லை. நல்லதைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள், குறையைச் சொன்னால் புகார் என்பார்கள். 25 யூனிட்டை ஒட்டிய பேட்டரி உள்ள சின்ன வண்டி, 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது போதும். யூனிட் என்று நான் சொல்வது நம் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். கிலோவாட் ஹவர் என்று பேட்டரியில் போட்டிருப்பதும் அதையேதான். டியாகோ 19.2 யூனிட், 24 யூனிட் என்று இரண்டு பேட்டரிகளில் வந்தது. காமெட்டுக்கு 17.3. டாடாவின் இன்னொரு வண்டியான பஞ்ச் மின் வண்டி 2024 ஜனவரியில் வந்தபோது 25, 35 என்று இரண்டு அளவு.

இனி அந்த 315. அது சோதனைக்கூடத்தில் எடுத்த கணக்கு. சமவெளியிலேயே அவ்வளவு வராது. மலையில் கிலோமீட்டர் என்ற அளவே கொஞ்சம் அர்த்தமில்லாமல் போய்விடுகிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 330ஐ ஒட்டி. நடுவில் 33 கிலோமீட்டர் ரோடு. ஏறும்போது வண்டியையும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களையும் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் நேர் மேலே தூக்குகிறோம். ஆட்களோடு 1,400 கிலோ என்று வைத்தால், தூக்குவதற்கு மட்டுமே ஐந்தரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். டயர் உருள்வது, காற்றைக் கிழிப்பது, மோட்டாரில் வீணாவது எல்லாம் சேர்ந்தால் ஒன்பது யூனிட்.

என் நோட்டில் எழுதி வைத்திருப்பதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புதிதில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரியில் இருக்கும் என் வீடு வர 38 சதவீதம் செலவானது. இப்போது 40. மூன்று வருடத்தில் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான கணக்கு 38க்கும் 40க்கும் உள்ள இந்த வித்தியாசம்தான், அதாவது ஐந்து சதவீதத் தேய்மானம். அதே ரோடு, அதே இரண்டு பேர், அதே வேகம். இறங்கும்போது 7, 8 சதவீதம் திரும்ப ஏறுகிறது. கோவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வர, சமவெளியில் ஏசியோடு 70 கிலோமீட்டருக்கு இன்னொரு 32. காலையில் 90இல் கிளம்பினால் ராத்திரி 25இல் வீட்டுக்கு வருகிறேன். நடுவில் எங்கும் சார்ஜ் போட வேண்டாம். இந்த ஒரு பயணம் நிம்மதியாக முடிகிறதா என்று பார்த்துத்தான் நான் வண்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

எடை விஷயத்தையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர, ஒவ்வொரு 100 கிலோவுக்கும் அரை யூனிட் ஆகிறது. நான்கு 25 கிலோ அரிசி மூட்டை போட்டால் சமவெளியில் நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டுகிற கரண்ட் போச்சு. இந்தக் கணக்கில்தான் காமெட் ஆச்சரியப்படுத்துகிறது. பேட்டரி சின்னது, வண்டியும் சின்னது, மூன்று மீட்டர் நீளம் கூட இல்லை, எடையும் குறைவு. இரண்டு பேர் மட்டும் போனால் கோத்தகிரி ஏற்றத்துக்கு ஆறு யூனிட்டுக்குப் பக்கத்தில் போதும் என்று கணக்கு வருகிறது. அதாவது அதன் பேட்டரியில் 36 சதவீதம், என் வண்டியின் பங்கும் ஏறக்குறைய அதே. பேட்டரி அளவை மட்டும் பார்த்து அதை ஒதுக்கியவர்கள் மறுபடி யோசிக்கலாம். சரிவான மண் பாதையில் இன்னொரு வசதியும் உண்டு. காமெட்டின் மோட்டார் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. ஏற்றத்தில் எடை பின்னால் சாயும்போது பின்சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். டியாகோ, பஞ்ச் எல்லாம் முன்சக்கரத்தில் இழுப்பவை. நனைந்த எஸ்டேட் பாதையில் முன்சக்கரம் வெறுமனே சுழல்வதை என் வண்டியில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் காமெட்டின் டயர் 12 அங்குலம்தான். நம் ஊர்க் குழிகளில் அந்தச் சக்கரம் விழுந்து எழுவதை நினைத்தால் எனக்கு இடுப்பு வலிக்கிறது.

காமெட்டில் எனக்கு உறுத்துவது வேறு. வெளியே சார்ஜ் நிலையங்களில் வேகமாக ஏற்றுகிற டிசி சார்ஜ் வசதி அதில் கிடையாது. கோவையில் திடீரென்று இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால், மேட்டுப்பாளையத்தில் அரை மணி நேரம் நிறுத்தி ஏற்றிக்கொண்டு மலையேறும் வழி இல்லை. டியாகோவில் 10இலிருந்து 80 வரை ஏற்ற ஒரு மணி நேரத்துக்குள் ஆகிவிடும். கதவும் இரண்டுதான். அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றி இறக்குவது தனிக் கூத்து.

டியாகோவின் 19.2 யூனிட் பேட்டரி என் கணக்குப்படி கோத்தகிரி, ஊட்டிக்காரர்களுக்கு நடுவில் தொங்குகிற தேர்வு. எடை பெரிதாகக் குறையவில்லை, பேட்டரி மட்டும் குறைந்துவிட்டது. கோவை போய் வந்தால் 80 சதவீதத்துக்கு மேல் காலி. 24ஐ எடுங்கள். பஞ்ச் 35 யூனிட் இன்னும் நிம்மதி, தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 190 மில்லிமீட்டர் என்பதால் மழைக்காலப் பாதைக்கும் நல்லது. ஆனால் விலை வேறு வகுப்புக்குப் போய்விடுகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் பணம் திரும்ப வர வெகுகாலம் ஆகும்.

விலை என்றதும் ஒன்று. டியாகோ 2022 செப்டம்பரில் 8.49 லட்சத்தில் ஆரம்பித்தது. காமெட் 2023இல் 7.98 லட்சத்தில். பிறகு பேட்டரியை வாடகைக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்றும் காமெட்டுக்கு வந்தது. அறிமுகமானபோது வண்டி 4.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய். வீட்டுக் கரண்ட்டில் எனக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகிறது. அதன் மேல் 2.50 வாடகை கட்ட எனக்கு மனசு வராது. 5 முதல் 10 லட்சம் விலையுள்ள பெட்ரோல் காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி 13 சதவீதம். மின் வண்டிக்கு இந்த வரியில் விலக்குக் கொடுத்து வந்தார்கள். நீங்கள் எடுக்கிற மாதத்தில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ ஆபீசில் கேட்டுவிட்டே பெட்ரோல் விலையோடு ஒப்பிடுங்கள்.

இறக்கத்துக்கு வருகிறேன். மலைக்கு மின் வண்டி ஏன் பொருந்துகிறது என்பதற்கும், எங்கே ஆபத்து என்பதற்கும் இரண்டுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட்டரியும் ஏறும். ரீஜென் என்று பெயர். பெட்ரோல் வண்டியில் செகண்ட் கியர் போட்டு இன்ஜின் பிடிப்பில் இறங்குகிறோமே, அதைவிட இது கெட்டி. 40,000 கிலோமீட்டருக்குப் பிறகும் என் பிரேக் பேடு பாதிகூடத் தேயவில்லை. மச்சான் அதற்குள் இரண்டு முறை மாற்றிவிட்டார். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே நடந்த பல விபத்துகளுக்கு பிரேக்கை மிதித்தே இறங்கி அது சூடாகிக் கைவிட்டதுதான் காரணம். அதனால்தான் அந்த வழியில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை.

ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் வேலை செய்யாது. நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? வண்டி எடுத்த முதல் மாதம் எனக்கு இது உறைக்கவில்லை. கோவை போக வேண்டும் என்று ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, 100 காட்டியதும் பெருமையாகக் காலை நாலரைக்குக் கிளம்பினேன். முதல் வளைவிலேயே வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. இழுத்துப் பிடிக்கிற அந்தப் பிடிப்பைக் காணோம். பிரேக்கை மிதித்து மிதித்து குஞ்சப்பனை வருவதற்குள் கருகல் வாசனை. ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் நின்றேன். முழுக்க முழுக்க என் தப்பு. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அது எழுதியிருக்கிறது, நான் படிக்கவில்லை.

அன்றிலிருந்து இறங்குகிற நாளில் 90க்கு மேல் ஏற்றுவதில்லை. அப்புறம் இன்னொரு சிக்கல். விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் எல்எப்பி வகை பேட்டரிதான். அதன் சதவீதக் கணக்கு தப்பாமல் இருக்க அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். மேலே குடியிருப்பவன் எப்போது 100 ஏற்றுவது? நான் கண்டுபிடித்த வழி, ஊட்டிக்குப் போகிற நாளுக்கு முந்தின ராத்திரி. கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஏற்றம்தானே, தொட்டபெட்டா பக்கம் வருவதற்குள் நிறைய இறங்கிவிடும். ஊட்டிக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது, அவர்களுக்கு எங்கே போனாலும் இறக்கம். காலையில் 100இல் எழுந்தால், ஊருக்குள் நாலு வேலையை முடித்துவிட்டு இறங்குவது நல்லது. டிசம்பர், ஜனவரி உறைபனி நாளில் பேட்டரி குளிர்ந்து கிடக்கும்போதும் முதல் சில கிலோமீட்டருக்கு ரீஜென் அரைகுறையாகத்தான் இருக்கும். கண்ணாடியில் ஆவி படிவதை எடுக்க ஹீட்டர் போட்டால் அதுவும் பேட்டரியைத்தான் தின்னும். பெட்ரோல் வண்டியில் அந்தச் சூடு இனாம்.

இப்போது கூடலூரைப் பாருங்கள். ஊட்டியைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் தாழ்வு. அக்கா மகனுக்கு மாதம் நாலு தடவை ஊட்டியில் வேலை. கிளம்பும்போது ஏற்றம், திரும்பும்போது இறக்கம். அவன் 100 ஏற்றிவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாம். போகும்போது செலவாகும், திரும்பும்போது காலி இருக்கும், ரீஜென் முழுசாக வேலை செய்யும். களைத்துப் போய்ச் சாயங்காலம் மலையேற வேண்டிய கவலை அவனுக்கு இல்லை. எனக்கு அப்படியே தலைகீழ். ஒரே மாவட்டம், ஒரே வண்டி, ஆனால் அவனுக்குச் சின்ன பேட்டரி போதும், எனக்குப் போதாது. மைசூர்ப் பக்கம் போனால் பந்திப்பூரில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை ரோடு மூடியிருக்கும். வழியில் சார்ஜ் போட நிறுத்துகிறவன் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டுக் கரண்ட் பற்றி. மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 150 யூனிட் வரை இழுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 300. கீசரோடு சேர்த்து எங்கள் வீட்டுக்கு 180. ஆக 480. தமிழ்நாட்டில் 500ஐத் தாண்டினால் அதற்கு மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ் அடுக்குகளின் விலையும் மாறிவிடுகிறது. மே மாதம் சொந்தக்காரர்கள் வந்து கீசர் ஓடினால் எங்கள் வீட்டில் மீட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் கார் ஓடும்.

சார்ஜ் போட 15 ஆம்பியர் பாயிண்ட் போதும், ராத்திரி போட்டால் காலையில் வண்டி தயார். கம்பெனி ஆள் வந்து பார்த்தபோது பிரச்சினை பாயிண்ட்டில் இல்லை, எர்த்தில் இருந்தது. தாத்தா காலத்து வீடு, எர்த் என்று ஒரு கம்பி இருந்தது, அது சுவருக்குள் எங்கேயோ போய் முடிந்திருந்தது. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். புதுக் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எலெக்ட்ரீஷியன் எடுத்துக் கொடுத்த பிறகுதான் வண்டியே வந்தது. நடுராத்திரி வோல்டேஜ் குறைந்து சார்ஜ் நின்றுபோன நாட்களும் உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் இரண்டு மூன்று நாள் கரண்ட் கிடையாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அது ஜூன், ஜூலை. எங்களுக்கு அக்டோபர், நவம்பர். 2009 நவம்பர் மண்சரிவில் ரோடுகளே போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் நான் 60க்குக் கீழே வண்டியை விடுவதே இல்லை. பெட்ரோல்காரருக்கு இந்த மனக்கணக்கு வேண்டாம். ஒரு கேனில் ஐந்து லிட்டர் வாங்கிவிடுவார்.

பெட்ரோலுக்கு மலை தருகிற தண்டனை வேறு. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். இன்ஜினுக்குப் போகிற காற்று குறைந்தால் இழுவையும் குறையும். நான்கு பேரோடு ஒரு லிட்டர் இன்ஜின் குன்னூர் ரோட்டில் ஃபர்ஸ்ட் கியரில் அழுவதைக் கேட்டிருப்பீர்கள். மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். சீசனில் சேரிங் கிராஸ் நெரிசலில் ஏற்றத்தில் நின்று நின்று போகும்போது கிளட்ச் கருகுகிற வேலையும் இல்லை. மச்சான் வண்டி மலையில் லிட்டருக்கு 13, 14 தருகிறது. கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு எங்கள் இருவருக்கும் 6,000 ரூபாய் வித்தியாசம் என்று அவரிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன், பேச்சு வளர்கிறது.

ரிப்பேர் என்று வந்தால் அவர் கை ஓங்கும். அவர் வண்டியை கோத்தகிரி மெக்கானிக்கே பார்த்துவிடுவார். என் வண்டியில் பெரிய பேட்டரி சம்பந்தப்பட்ட எதையும் இங்கே யாரும் தொடுவதில்லை, கோவைக்குத்தான் போக வேண்டும். நின்றுபோனால் கட்டி இழுக்கவும் கூடாது, மேல் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி வர வேண்டும். ஒரு தடவை நின்றுபோனது. காரணம் பெரிய பேட்டரி இல்லை, எல்லாக் காரிலும் இருக்கிற 12 வோல்ட் சின்ன பேட்டரி. ஊருக்குப் போன இடத்தில் பத்து நாள், உள்விளக்கு எரிய எரிய விட்டிருக்கிறேன். முன் டயர் இரண்டும் 31,000த்தில் போய்விட்டன. வளைவில் ஏறும்போது பிக்கப் காட்டுகிற ஆசை எனக்கு இருக்கிறது, டயர்தான் அதற்குக் காசு கொடுக்கிறது.

சத்தமில்லாத வண்டி என்பதில் ஒரு வம்பும் உண்டு. எங்கள் பக்கம் இருட்டினால் காட்டெருமை ரோட்டில் நிற்கும். பெட்ரோல் வண்டி வருவது தூரத்திலேயே அதற்குத் தெரியும். நாம் சத்தமில்லாமல் வளைவு திரும்பிப் பக்கத்தில் போய் நின்றால் அதுவும் திடுக்கிடும், நாமும் திடுக்கிடுவோம். ஹாரன் அடிக்கக்கூடாது. லைட்டைத் தணித்துவிட்டு அது போகிற வரை உட்கார்ந்திருப்பேன். பேட்டரி வீணாகாது, அது ஒன்று.

அக்கா மகனுக்கு நான் கடைசியில் சொன்னது பழைய வண்டி. மின் கார்கள் மறுவிற்பனையில் பெட்ரோலைவிட வேகமாக விலை இறங்குகின்றன. விற்பவருக்குக் கஷ்டம், வாங்குபவருக்கு யோகம். டியாகோ பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. இரண்டு வருடம் ஓடிய வண்டி என்றால் இன்னும் ஆறு வருடம் மிச்சம். பெயர் மாற்றினால் வாரண்டி கூடவே வருமா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள் என்றேன். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏற்றத்தைவிட நல்ல தராசு கிடையாது. நிறைய சார்ஜ் ஏற்றி, நாலு பேரை உட்கார வைத்து, கூடலூரிலிருந்து ஊட்டி போகும் ரோட்டில் மேலே இருக்கும் நடுவட்டம் வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நடுவட்டம் டீக்கடையிலிருந்து கூப்பிட்டான். "மாமா, 27 சதவீதம் போயிருக்கு."

"எத்தனை பேர்?"

"நாலு பேர். அம்மாவும் இருக்கு."

"சரி. இறங்கும்போது பிரேக்கைத் தொடாம வா. கீழ போனதும் எவ்வளவு திரும்ப ஏறுச்சுன்னு சொல்லு."

அக்கா பின்னாலிருந்து, "பிரேக்கைத் தொடாம எப்படிடா இறங்குறது?" என்று கத்துவது கேட்டது.